பிறர் வீட்டுக் கதை விற்ற கடை

மீன், வெற்றிலை, பால் எல்லாம் பிந்தினால் பழுதாகும் சரக்குகள். சஞ்சிகையையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். வாரச் சஞ்சிகைக்கு ஏழு நாள் ஆயுள், மாதச் சஞ்சிகைக்கு முப்பது நாள். அதன் பிறகு அது நிறைக்குப் போகும் கடதாசி. இப்படிப்பட்ட சரக்கை வைத்துக்கொண்டு, நடிகர் நடிகையரின் வீட்டுக் கதையைப் பெண்களுக்கு விற்றுப் பெரும் பணம் ஈட்டிய ஒரு வியாபாரம் இருந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்து, பிறகு சில ஆண்டுகளுக்குள் சரிந்தது. இந்த வாரம் அந்த வியாபாரத்தின் கணக்கைப் புரட்டிப் பார்ப்போம்.

சினிமாக்காரர் கதை எங்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். புறம் பேசுவது கூடுமா கூடாதா என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. அதை உலமாக்கள் போதிய அளவு சொல்லியிருக்கிறார்கள். நான் பேசப்போவது பேரேட்டுப் பக்கத்தை. அந்தச் சஞ்சிகைக்காரர் தானாக ஒன்றையும் உற்பத்தி செய்யவில்லை. ஒரு பக்கத்தில் நட்சத்திரம், மறுபக்கத்தில் வாசகி, நடுவில் நின்று விற்றவர் அவர். நாங்களும் நடுவில் நின்று விற்பவர்கள்தான். அதனால் அவர் விழுந்த இடத்தை நாங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விளம்பரக்காரர் தொடங்கிய சஞ்சிகை

இந்தியாவில் இந்த வியாபாரத்துக்குப் பெரிய பெயர் ஸ்டார்டஸ்ட். 1971 ஒக்டோபரில் பம்பாயில் முதல் இதழ் வெளிவந்தது. தொடங்கியவர் நாரி ஹிரா. அவர் எழுத்தாளர் அல்ல, விளம்பரத் தொழில் செய்தவர். வியாபாரிகள் முதலில் கவனிக்க வேண்டிய விடயம் இது.

அந்தக் காலத்தில் சந்தையில் முன்னணியில் இருந்தது பில்ம்பேர். டைம்ஸ் ஒஃப் இந்தியா நிறுவனத்தார் 1952இல் தொடங்கியது. மரியாதையான சஞ்சிகை. நடிகர் சொன்னதைச் சொன்னபடி போடும், நல்ல படம் போடும், விருது கொடுக்கும். அந்த இடத்தில் போய் மோதினால் புதியவர் வெல்ல முடியாது. ஹிரா மோதவில்லை. பில்ம்பேர் எதைப் போடாமல் விடுகிறது என்று பார்த்தார். யார் யாரை இரகசியமாக முடித்தார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டில் சண்டை, இவற்றையெல்லாம் மக்கள் வாயால் பேசிக்கொண்டிருந்தார்கள். அச்சில் விற்பார் இல்லை. தேவை இருக்கிறது, சரக்கு இல்லை. வியாபாரி தேடும் இடம் அதுதானே.

ஆசிரியராக அவர் வைத்தது 23 வயதுப் பெண்ணை. தனது விளம்பர நிறுவனத்தில் வேலை செய்த ஷோபா ராஜாத்யக்ஷ. பிற்காலத்தில் ஷோபா டே என்ற பெயரில் நாவல்கள் எழுதிப் பிரபலமானவர். முதல் இதழின் அட்டையில் அன்றைய முதல்தர நட்சத்திரமான ராஜேஷ் கன்னாவைப் போட்டு, அவர் இரகசியமாகத் திருமணம் செய்துவிட்டாரா என்று ஒரு கேள்வியையும் போட்டார்கள். கேள்விதான், பதில் அல்ல. அவர் டிம்பிள் கபாடியாவைத் திருமணம் செய்தது 1973இல். ஆனால் கேள்வி விற்றது.

மொழியிலும் ஒரு உத்தி இருந்தது. ஆங்கிலத்தையும் ஹிந்தியையும் கலந்து, இரண்டு பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் இருந்து கதைப்பது போல எழுதினார்கள். நீட்டா என்ற கற்பனைப் பெண்ணின் பெயரில் வந்த வம்புப் பகுதியை வாசகர்கள் முதலில் புரட்டிப் பார்த்தார்கள். வாசகிக்கு அது பத்திரிகையாகத் தெரியவில்லை, பக்கத்து வீட்டுத் தோழியாகத் தெரிந்தது.

இரண்டு பணப்பை

சஞ்சிகை வியாபாரத்தில் வருமானம் இரண்டு பணப்பைகளிலிருந்து வரும். ஒன்று வாசகியின் கைப்பை, மற்றது விளம்பரதாரரின் பெட்டி. இது எப்படி ஓடுகிறது என்பதை ஒரு உதாரணத்தால் விளக்குகிறேன்.

ஒரு சஞ்சிகையின் விலை 100 ரூபா என்று வையுங்கள். அதில் மொத்த முகவருக்கும் கடைக்காரருக்கும் கழிவு போகும். விற்காத பிரதிகளைத் திருப்பி எடுக்க வேண்டும், அந்த நட்டம் வெளியீட்டாளரின் தலையில். பிறகு கடதாசி, மை, அச்சுக்கூலி, பார்சல் செலவு. எல்லாவற்றையும் கழித்தால் கையில் மிஞ்சுவது மிகக் குறைவு. சில மாதம் ஒன்றும் மிஞ்சாது. அப்படியானால் இலாபம் எங்கே? விளம்பரத்தில். சவர்க்காரம், சேலை, முகப்பூச்சு, நகை விற்பவர்கள் பெண்களின் கண்ணுக்குப் போக வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கண்களை ஒரே இடத்தில் கூட்டித் தருவதுதான் சஞ்சிகையின் உண்மையான தொழில். வம்புக்கதை என்பது கூட்டம் சேர்க்க அடிக்கும் மேளம்.

விளம்பரக்காரரான ஹிராவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பின்னர் 1984இல் பெண்களுக்கென்றே சாவி என்ற சஞ்சிகையையும் அவரது மக்னா நிறுவனம் கொண்டுவந்தது. ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டாவது சரக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பிரதியை ஒருவர் வாங்குவார், பலர் வாசிப்பர். அழகு நிலையம், பல் வைத்தியரின் அறை, வாசிகசாலை, அயல்வீடு என்று கைமாறும். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வாப்பாவின் பலசரக்குக் கடையில் சரை சுற்றுவதற்குப் பழைய சஞ்சிகைகளை நிறைக்கு வாங்குவோம். எங்களிடம் வந்தவை ஸ்டார்டஸ்ட் அல்ல, பொம்மை, பேசும் படம், குமுதம் போன்ற தமிழகத்துச் சஞ்சிகைகள். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்து, 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு அவை மறுபடி வரத்தொடங்கிய காலம். மிளகாய்த்தூள் வாங்க வரும் பெண்கள், நடிகையின் படம் உள்ள தாளில் சுற்றித் தரும்படி கேட்பார்கள். நிறைக்குப் போன பிறகும் அந்தச் சரக்குக்கு ஒரு மதிப்பு இருந்தது. அவ்வளவு தாகம்.

சரக்குத் தருபவரோடு சண்டை

இனி விழுந்த கதைக்கு வருவோம். முதல் விரிசல் உச்சத்தில் இருந்தபோதே விழுந்துவிட்டது.

எமக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரியின் வீட்டுக் குறையை நாங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் அவர் எவ்வளவு காலம் சரக்குத் தருவார்? வம்புச் சஞ்சிகையின் நிலை இதுதான். நட்சத்திரம்தான் சரக்கு. அந்த நட்சத்திரத்தை நோகடித்தால்தான் பிரதி விற்கும். விற்க விற்க, சரக்குத் தருபவர் பகைவராவார்.

1975இல் இந்தியாவில் அவசரகாலநிலை வந்து பத்திரிகைகளுக்குத் தணிக்கை போடப்பட்டது. சினிமா வம்புச் செய்திகளும் அதில் அகப்பட்டன. இதற்குப் பின்னால் அமிதாப் பச்சன் இருக்கிறார் என்று ஸ்டார்டஸ்டும் வேறு சில சஞ்சிகைகளும் நம்பின. அவர் அதை மறுத்தார். ஆனாலும் அவரைப் பற்றி எழுதுவதில்லை, படம் போடுவதில்லை என்று சஞ்சிகைகள் ஒதுக்கிவைத்தன. பதிலுக்கு அவரும் பத்திரிகைக்காரருக்குக் கதவை மூடினார். இது பல ஆண்டுகள் நீடித்தது.

நடந்தது என்ன? 1977இல் அமர் அக்பர் அந்தோணி ஓடியது. 1978இல் டொன் ஓடியது, முகத்தர் கா சிகந்தர் ஓடியது. வம்புச் சஞ்சிகைகளின் தயவு இல்லாமலே அவர் இந்தியாவின் முதல் நட்சத்திரமாக நின்றார். சந்தையில் அதிகம் கேட்கப்படும் சரக்கைத் தன் கடையில் வைக்கமாட்டேன் என்று சொன்ன கடைக்காரர் யாரைத் தண்டித்தார்? சஞ்சிகைக்காரர் அன்றே இதை யோசித்திருக்க வேண்டும். நட்சத்திரத்துக்குச் சஞ்சிகை இல்லாமல் வாழ முடியும், நட்சத்திரம் இல்லாமல் சஞ்சிகைக்கு வாழ முடியாது.

தமிழில் இதைவிடப் பயங்கரமான முன்னுதாரணம் உண்டு. 1940களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் சினிமா தூது என்ற பத்திரிகையில் நடிகர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி மிகக் கீழ்த்தரமாக எழுதி விற்றார். எழுதாமல் விடுவதற்கும் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டு உண்டு. நடிகர்கள் ஆளுநரிடம் முறையிட்டு உரிமத்தை இரத்துச் செய்வித்தார்கள். அவர் இந்துநேசன் என்ற பத்திரிகையைக் கையிலெடுத்துத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் திகதி வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருந்து, 1947 ஏப்ரலில் குற்றமற்றவர்கள் என விடுதலையானார்கள். பாகவதரின் சினிமா வாழ்வு அதன்பின் பழைய நிலைக்கு வரவில்லை. இவ்வளவு பேரை அழித்த ஒரு தொழிலில் இலாபம் எவ்வளவு வந்திருந்தாலும் அதை இலாபம் என்று எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஹிரா இப்படி நடக்கவில்லை. அவர் அலுவலகம் வைத்து, கணக்கு வைத்து, விளம்பரத்தில் இலாபம் பார்த்தார். அதனால் அவரது சஞ்சிகை பல பத்தாண்டுகள் நின்றது. ஆனால் அடியிலிருந்த பலவீனம் ஒன்றுதான்.

இலண்டன் கடைகளில்

அடுத்த கட்டத்தை இங்கிலாந்தில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே எமது ஊரவர் பலர் பத்திரிகை, பால், பாண், சிகரெட் விற்கும் சில்லறைக் கடைகள் நடத்துகிறார்கள். இந்தச் சரக்கை அவர்கள் தங்கள் கையால் அடுக்கி விற்றவர்கள். ஆதலால் அவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல: 1988இல் ஹலோ, 1993இல் ஓகே, 1996இல் நௌ, 1999இல் ஹீட், 2002இல் குளோசர், 2004இல் ரிவீல். ஒன்று விற்கிறது என்றவுடன் இன்னொருவர், பிறகு இன்னொருவர். ஒரு தெருவில் ஒரு கைத்தொலைபேசிக் கடை நன்றாக ஓடினால் ஆறு மாதத்தில் அதே தெருவில் ஐந்து கடை வருமே, அதே கதைதான்.

ஹீட் சஞ்சிகையின் வரலாறு சுவையானது. தொடங்கியபோது அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான கலைச் சஞ்சிகை. விற்கவில்லை. 2000ஆம் ஆண்டளவில் அதை முழுமையாகப் பெண்களுக்கான பிரபலங்களின் வம்புச் சஞ்சிகையாக மாற்றினார்கள். நடிகை கடைக்குப் போன படம், முகப்பூச்சு இல்லாத படம், எடை கூடிய படம். அதே கட்டத்தில் பிக் பிரதர் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியதால் கதைக்குப் பஞ்சம் இருக்கவில்லை. சில ஆண்டுகளில் வாரம் 5 இலட்சம் பிரதிகளைத் தாண்டியது.

போட்டி கூடினால் கொள்முதல் விலை ஏறும். 1999இல் காற்பந்து வீரர் டேவிட் பெக்கமின் திருமணப் படங்களுக்கு ஓகே சஞ்சிகை 10 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண் கொடுத்தது. 2000இல் நடிகர் மைக்கல் டக்ளஸ், கத்தரின் சீட்டா ஜோன்ஸ் திருமணத்துக்கும் அதே விலை. அந்தத் திருமணத்தில் ஒருவர் களவாக எடுத்த படங்களைப் போட்டியாளரான ஹலோ வெளியிட்டது. வழக்கு இங்கிலாந்தின் அதியுயர் நீதிமன்றம்வரை போய் 2007இல்தான் தீர்ந்தது. ஒரு வாரத்தில் பழுதாகும் சரக்குக்காக ஏழு ஆண்டு வழக்கு!

நட்சத்திரத்தின் கணக்கிலிருந்து இதைப் பாருங்கள். இதுவரை இலவசமாக எடுத்து விற்கப்பட்ட தனது வீட்டுக் கதைக்கு விலை உண்டு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சரக்கின் உரிமையாளர் தன் சரக்கின் விலையை அறிந்த நாளில் நடுவில் நிற்பவரின் காலம் எண்ணப்படத் தொடங்குகிறது.

கதவு திறந்த நாள்

அந்த நாட்களில் நட்சத்திரத்திடமிருந்து வாசகிக்குப் போக ஒரே ஒரு கதவு இருந்தது. அதன் திறப்பு சஞ்சிகைக்காரரின் மடியில். முதலில் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் வேறு கதவுகள் திறந்தன. இந்தியாவில் 1990களில் தனியார் தொலைக்காட்சிகள் வந்தன. நாளிதழ்கள் வண்ண இணைப்புகளில் அதே வம்பை இலவசமாகக் கொடுத்தன. மாதம் ஒருமுறை காசுக்கு வந்த கதை, தினமும் இலவசமாக வந்தது.

பிறகு சுவரே விழுந்தது. 2004இல் பேஸ்புக், 2006இல் டுவிட்டர், 2010இல் இன்ஸ்டாகிராம். சஞ்சிகைகள் ஒதுக்கிவைத்த அதே அமிதாப் பச்சன் 2008இல் இணையத்தில் தானே எழுதத் தொடங்கினார், 2010இல் டுவிட்டருக்கும் வந்தார். யாரும் நடுவில் இல்லை. இன்று நடிகைக்குத் திருமணம் என்றால் படம் முதலில் வருவது அவரது சொந்தப் பக்கத்தில். நேரம், படம், வசனம் எல்லாம் அவர் முடிவு செய்வது. சேலைக் கடைக்காரரின் விளம்பரப் பணமும் நேரே அந்த நடிகைக்கே போகிறது. முன்பு சொன்ன இரண்டு பணப்பைகளும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போயின.

இங்கிலாந்தில் ரிவீல் 2018இல் மூடப்பட்டது. நௌ 2019இல் மூடப்பட்டது. ஹீட்டின் விற்பனை உச்ச காலத்தில் இருந்ததில் கால் பங்குக்கும் கீழே இறங்கியது. அமெரிக்காவில் என்டர்டெயின்மென்ட் வீக்லி 2022இல் அச்சை நிறுத்தியது. ஸ்டார்டஸ்டின் பெயர் இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது, ஆனால் ஒரு அட்டைப்படக் கேள்வியால் பம்பாயையே பேசவைத்த பழைய பலம் போய்விட்டது. நாரி ஹிரா 2024 ஆகஸ்டில் காலமானார்.

கடதாசி விலையும் ஒரு காரணம் என்பார்கள். உண்மைதான். 2022இல் எமது நாட்டிலேயே டொலர் இல்லாமல், கடதாசி இல்லாமல் நாளிதழ்கள் சில பதிப்புகளை நிறுத்தின. ஆனால் கடதாசி விலை ஏறியதால் மட்டும் ஒரு வியாபாரம் சாகாது. தேவை இருந்தால் வாசகி கூடிய விலை கொடுப்பார். வம்பு கேட்கும் ஆசையும் குறையவில்லை, கைத்தொலைபேசியைப் பார்த்தால் தெரியும். சரக்கும் இருக்கிறது, வாங்குபவரும் இருக்கிறார். நடுவில் நின்றவர்தான் தேவையில்லாமல் போனார்.

எமது கடைக்கு என்ன பாடம்?

இப்போது எமது கடைவீதிக்கு வாருங்கள். கொழும்பு இறக்குமதியாளர் பேஸ்புக்கில் படம் போட்டு, யாழ்ப்பாணத்து வீட்டு வாசலுக்கே பார்சல் அனுப்புகிறார். துணி, பாதணி, பாத்திரம், கைத்தொலைபேசி உபகரணம் என்று எல்லாம் அப்படி வருகிறது. சரக்கின் உரிமையாளர் வாடிக்கையாளரிடம் நேரே பேசத் தொடங்கிவிட்டார். ஸ்டார்டஸ்டுக்கு நடந்தது மெதுவாக எங்கள் கடை வாசலுக்கும் வந்திருக்கிறது. அதனால் நான்கு விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நீங்கள் உண்மையில் எதை விற்கிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள். சஞ்சிகைக்காரர் கதை விற்பதாக நினைத்தார். அவர் விற்றது கதவின் திறப்பை. கொழும்பிலிருந்து கொண்டுவந்து வைப்பது மட்டும் உங்கள் வேலை என்றால், அந்த வேலையைப் பார்சல்காரர் உங்களைவிட மலிவாகச் செய்வார்.

இரண்டாவது, சரக்கின் மேல் உங்கள் கைவேலை ஏதாவது இருக்கட்டும். அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பது, பழுதானால் திருத்திக் கொடுப்பது, பிழையென்றால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பது, இது உங்களுக்குச் சரிவராது என்று வாடிக்கையாளரிடம் நேர்மையாகச் சொல்வது. இவை பார்சலில் வராது.

மூன்றாவது, சரக்குத் தருபவரையும் வாங்குபவரையும் நோகடித்து வரும் இலாபத்தை இலாபமாக எண்ணாதீர்கள். அது பின்னால் வரப்போகும் கடன்.

நான்காவது, ஒரே பணப்பையில் தொங்காதீர்கள். ஒரு கம்பனியின் முகவராக மட்டும் இருப்பவர், அந்தக் கம்பனி நேரே விற்கத் தொடங்கும் நாளுக்கு இன்றே ஒரு வழி தேடி வைக்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது கடை, இருப்பு, வரவேண்டிய கடன் எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. வெறுங்கையோடு புத்தளத்துக்குப் போன வாப்பாவுக்குக் கொழும்பு மொத்த வியாபாரி ஒருவர் ஈடு எதுவும் கேட்காமல் இரண்டு மூட்டை சீனியும் ஒரு மூட்டை பருப்பும் கடனுக்குக் கொடுத்தார். பத்திரம் எழுதவில்லை, பிணையாளி கேட்கவில்லை. இருபது வருடம் சொன்ன திகதியில் காசு கட்டிய பெயர் மட்டும்தான் பிணை. அந்த மூன்று மூட்டையில்தான் எங்கள் குடும்பம் மறுபடி எழுந்தது.

நடுவில் நிற்பவருக்குச் சொந்தமாக இருக்கக்கூடிய முதல் அது ஒன்றுதான். பிறர் பெயரைக் கெடுத்துச் சம்பாதித்த சஞ்சிகைக்கு, கதவு திறந்த நாளில், தன் பெயரைச் சொல்லி நம்பிக் கேட்க ஒருவர் மிஞ்சவில்லை. உங்கள் பெயரைச் சொல்லிக் கடனுக்குச் சரக்குத் தர இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இருப்பெடுப்பில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.